காந்தம் ஒட்டிய பாத்திரங்கள்

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். உலோகக் கலவைகள் என் பகுதி. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் என்று ஆரம்பிப்பேன். வார்ப்பிரும்பு ஏன் கீழே விழுந்தால் உடைகிறது, லாரிப் பட்டைக்குப் போடும் எஃகு ஏன் வளைந்து மறுபடி நிமிர்கிறது என்பது வரை போகும். எவர்சில்வர் பாடம் வரும் நாளில் மட்டும் வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போவேன். மாணவர்களின் டிபன் பாக்ஸ்களை மேஜைமேல் வைக்கச் சொல்வேன். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. யாருடைய டிபன் பாக்ஸாவது ஒட்டிக்கொண்டால் வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தக் காந்தத்தை நம்பி ஒரு பெண்ணை அவருடைய கடையில் வைத்தே பலபேர் முன்னால் ஏமாற்றுக்காரி ஆக்கினேன். அந்தச் சொல்லை மட்டும்தான் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

என் தங்கைக்கு அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தபோது நடந்தது அது. நாங்கள் சிங்கவரம் பக்கம். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியும் நாற்று நட்டும் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார்கள். நான் சின்னவனாக இருந்தபோது நைனா பாத்திரக் கடைக்குள் போய் எதையும் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. வாசலில் நின்று விரலால் காட்டுவார். கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறாரோ அதுதான். ஒருமுறை வாங்கி வந்த அலுமினியக் குண்டானில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அவர் போகவே இல்லை. அம்மா தாரை உருக்கி அடைத்து அதில் தண்ணீர் பிடித்தாள். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கடையில் என் குரல் அவ்வளவு ஓங்கியதற்கு இதுவும் காரணம் என்று எனக்குத் தெரியும்.

சீர்ப் பாத்திரம் வாங்க அம்மாதான் கடையைச் சொன்னாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் சின்னக் கடை. நடத்துகிறவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கழுத்தில் சிறிய சிலுவை. அவருடைய வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மொபெட்டில் பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். அவருக்கு முடியாமல் போனபிறகு இவர் இந்தக் கடையைப் போட்டார். அம்மா பல வருடமாக அங்கேதான் வாங்குகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அம்மா, நைனா, தங்கை, நான், சித்தப்பா மகன் என்று ஐந்து பேர் போனோம். முகூர்த்த மாதம். கடையில் இன்னும் இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். தங்கை குடம், அண்டா, தாம்பாளம், தூக்கு, தட்டு, டம்ளர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைக்கார அம்மா அவளை நிற்கவைத்து, இடுப்பில் குடத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். பெரிய குடம் வேண்டாம், அவலூர்பேட்டையில் நீ எவ்வளவு தூரம் தூக்குவாயோ, நடுத்தரமாக எடு என்று சொன்னார். நைனா வழக்கம்போல வாசலில் நின்றிருந்தார்.

நான் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். அண்டாவின் நடுவில் வைத்தேன். ஒட்டவில்லை. விளிம்பில் வைத்தேன். மெல்லப் பிடித்துக்கொண்டது. குடத்தின் கழுத்தில் வைத்தேன். அங்கேயும் பிடித்தது. தூக்கின் வாயிலும் அப்படியே.

இது சுத்தமான சரக்கு இல்லை, இரும்பு கலந்திருக்கிறது என்று நான் சத்தமாகச் சொன்னேன். எவர்சில்வரில் பெரும்பங்கு இரும்புதான் என்பது எனக்குத் தெரியாததா என்ன? கூட்டத்துக்குப் புரியட்டும் என்று அப்படிச் சொன்னேன். மற்ற கல்யாண வீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். சித்தப்பா மகன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

“தம்பி, இது முந்நூத்தி நாலு. மொத்தக் கடையில அதான் சொல்லிக் குடுக்கறாங்க. காந்தம் வச்சுப் பாத்து நான் வாங்கினதில்ல” என்றார் அவர். கல்லாவைத் திறந்து ஒரு ரசீதைத் தேடி எடுத்துக் காட்டினார். முந்நூற்று நாலு என்பது நல்ல ரக எவர்சில்வருக்குக் கடைக்காரர்கள் சொல்லும் எண். ரசீதில் அது எழுதியிருந்தது. பேப்பரில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன்.

“நான் இதத்தான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன். என்கிட்டயே சொல்றியா?”

அவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவரை நான் நீ என்று பேசினேன். அவர் ரசீதை நான்காக மடித்து உள்ளே வைத்தார். பிறகு, “வேணாம்னா வச்சிட்டுப் போங்க சார்” என்றார். தம்பி சாராக மாறியது அப்போது எனக்கு மரியாதையாகப் பட்டது.

தங்கை குடத்தின்மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். எங்களோடு மற்ற இரண்டு கல்யாண வீட்டாரில் ஒரு வீட்டாரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்து, படித்தவர்கள் கூட இருந்தால் இதுதான் நல்லது என்று சொன்னார். நைனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஜாரில் கண்ணாடி போட்ட பெரிய கடைக்குப் போனோம். அங்கே எந்தப் பாத்திரத்தின் எந்த மூலையில் வைத்தும் காந்தம் ஒட்டவில்லை. பளபளப்பும் அதிகம். எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி, தங்கையின் பெயரையும் கல்யாணத் தேதியையும் மெஷினில் வெட்டித் தரச் சொன்னேன். ஒவ்வொரு பாத்திரத்திலும் கிர்ரென்று ஊசி ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பின்னால் நடந்த என் சொந்தக் கல்யாணத்தில்கூட இல்லை.

வீடியோ நான் நினைத்ததைவிட வேகமாகப் போயிற்று. ஊர்க் குரூப், உறவுக்காரர்கள் குரூப், பழைய மாணவர்கள் குரூப் என்று சுற்றி எனக்கே திரும்பி வந்தது. அதில் கடையின் பெயர்ப் பலகை தெரிந்தது. அந்த அம்மாவின் முகமும் தெரிந்தது. நான் அதை வகுப்பில் போட்டுக் காட்டினேன். டீக்கடையில் ஒருவர், அந்தச் சந்துக் கடைக்கு இப்போது யாரும் போவதில்லையாம் சார் என்றபோது, நான்கு பேருக்கு விழிப்பு வந்தால் சரி என்று பதில் சொன்னேன்.

கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். தங்கை போன் செய்தாள். அண்டாவின் அடியில் பழுப்புப் புள்ளி விழுகிறது, தேய்த்தால் போகிறது, மறுநாள் திரும்ப வருகிறது என்றாள். உப்புப் போட்டு வைத்த டப்பாவிலும் அப்படித்தானாம். நான் அவளைத்தான் கேட்டேன். கம்பி நார் போட்டுத் தேய்த்தாயா, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரைப் பிடித்து வைத்தாயா, கழுவி ஈரத்தோடு கவிழ்த்தாயா என்று வரிசையாகக் கேட்டேன். அவள் இல்லை என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் அடுத்த கேள்வி வைத்திருந்தேன்.

கடைசியில் அவள் சொன்னாள்: “எங்க அத்த கேக்கறாங்கண்ணா. உங்க அண்ணன் காந்தம் வச்சுப் பாத்து வாங்கினதுதானே இதுன்னு. நான் இன்னா சொல்றது?”

அடுத்த ஞாயிறு அவலூர்பேட்டைக்குப் போனேன். அண்டாவின் அடியில் விரலை வைத்துத் தடவினேன். புள்ளி இருந்த இடமெல்லாம் குழி விழுந்து நகத்தில் தட்டியது. கறையாக இருந்தால் தேய்த்தால் போயிருக்கும். உலோகமே அரித்திருந்தது. ஒரு டம்ளரைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். தங்கையின் மாமியார் மோர் கொடுத்தார். பாத்திரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கல்லூரியில், ஒழிந்த நேரத்தில், பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை நடத்திய பக்கம். நல்ல எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்ற வரியின் கீழே நானே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். அதற்கு இரண்டு வரி கீழே, கோடு போடாத இடத்தில், மீதி இருந்தது. குளிர்ந்த நிலையில் இழுத்து, வளைத்து, மடித்து வேலை செய்தால் அதே நல்ல எவர்சில்வர் அந்த இடங்களில் ஓரளவு காந்தத்தில் ஒட்டும்.

தகடு தட்டையாக இருக்கும்வரை ஒட்டாது. அதை அச்சில் வைத்து அழுத்திக் குடமாக்கும்போது, கழுத்திலும் விளிம்பிலும்தான் உலோகம் அதிகம் நசுங்குகிறது. அங்கே உள்ளே அணுக்களின் அடுக்கு மாறிவிடுகிறது. அதனால்தான் அந்தக் கடையில் அண்டாவின் நடுவில் ஒட்டாமல் விளிம்பில் மட்டும் ஒட்டியது. அது கலப்படத்தின் அடையாளம் இல்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்ததுதான். இரும்போடு குரோமியம் சேர்வதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிகிறது. துருப்பிடிக்காமல் காப்பது அந்தத் தோல். நிக்கல் சேர்ந்தால் உலோகம் காந்தத்தில் ஒட்டாத அடுக்காக நிற்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால் சிலர் அதைக் குறைத்து மாங்கனீசைப் போடுகிறார்கள். மாங்கனீசும் காந்தத்தில் ஒட்டாமல் வைத்திருக்கும், நிறையப் போட்டால் வளைத்த விளிம்பில்கூட. இந்த ரகத்தில் குரோமியமும் குறைவாக இருந்தால் உப்புக்கும் புளிக்கும் தாங்காது. காந்தத்துக்கு இந்த இரண்டு கலவையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இதைத் தேர்வுக் கேள்வியாக நானே கேட்டிருக்கிறேன். கடையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வர நான் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி.

அப்போதும் ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டேன். இந்த டம்ளர் மட்டமாக இருந்தாலும் அந்த அம்மாவின் சரக்கும் மட்டமாக இருக்கலாம் அல்லவா? என் அம்மாவிடம், அந்தக் கடையில் வாங்கியது ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தினமும் மோர் ஊற்றி வைக்கும் தூக்கை எடுத்துக் கொடுத்தாள். எட்டு ஒன்பது வருடப் பாத்திரம். அடியில் சின்னச் சின்ன நெளிவு. ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை ரோட்டில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எவர்சில்வர் ரகம் பிரிக்க அங்கே ஒரு மருந்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் டம்ளரில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியின் ஒயரை அதில் தொட்டார். சில நொடியில் சொட்டு ரத்தம்போலச் சிவந்தது. மாங்கனீசு சரக்கு, எடைக்கு அதிகம் வராது என்றார். தூக்கில் சொட்டு விட்டார். சிவக்கவில்லை. இன்னொரு இடத்தில், பிறகு மூடியில், பிறகு கைப்பிடி ஒட்டிய இடத்தில் என்று நான் சொன்ன இடமெல்லாம் விட்டார். எங்கேயும் சிவக்கவில்லை. நான் காந்தத்தை எடுத்துத் தூக்கின் வாயில் வைத்தேன். பிடித்துக்கொண்டது.

“இது முந்நூத்தி நாலு சார். எடைக்குப் போடறீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று வாங்கிப் பையில் வைத்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும்டா. அன்னைக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீ படிச்சவன், அத்தினி பேரு முன்னாடி உன்ன எப்டி மறுத்துப் பேசறது?” என்றாள். பிறகு, அந்தக் கடைக்கு முதல்முதலாகப் போன நாளைப் பற்றிச் சொன்னாள். வெயிலில் வாசலில் நின்றாளாம். அந்த அம்மா, ஏன் வெளியே நிற்கிறாய் என்று உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எது வேண்டுமோ கையில் எடுத்துப் பார் என்றாராம். செஞ்சியில் வேறு எந்தப் பாத்திரக் கடைக்காரரும் அதற்குமுன் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

உடனே போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. பரீட்சை வேலை, பேப்பர் திருத்தும் வேலை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிச் சுற்றி நடந்தேன். அடுத்த வருட மாணவர்களுக்கு அந்தப் பாடம் வந்தபோது, காந்தத்தைக் கொண்டுபோகாமல் சரியானதைச் சொல்லிக் கொடுத்தேன். நான் தவறாகச் சொன்னதைச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, அப்படியென்றால் அந்த வீடியோ தப்பா சார் என்று கேட்டாள். அது வேறு விஷயம், உட்கார் என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவள் என்னைப் பார்க்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி முடிந்ததும் நான் நேராகக் கடைக்குப் போனதற்கு அந்தப் பெண்தான் காரணம்.

கடை பாதியாகியிருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுவதும் பிளாஸ்டிக் வாளி, முறம், துடைப்பம். பாத்திரங்கள் மேல் அலமாரியில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன. கடையில் வேறு யாரும் இல்லை. அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் டம்ளரை, தூக்கை, சிவந்த சொட்டை, புத்தகத்தின் வரியை எல்லாம் சொன்னேன். உங்கள் சரக்கு நல்ல சரக்கு, நான் சொன்னதுதான் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் துடைப்பக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் திரும்பினார்.

“அன்னைக்கு இந்தக் கடையில எத்தினி பேரு இருந்தாங்க சார்?”

நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

“இப்ப எத்தினி பேரு இருக்காங்க?”

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நான் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தேன். அது தற்செயல் என்று நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலில், உள்ளே இருந்த வாடிக்கையாளர் போகட்டும் என்று கால்மணி நேரம் நின்றுவிட்டு வந்தது அவர் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே ஒரு வீடியோ எடுத்தேன். பழைய இரும்புக் கடைக்காரர் பேட்டரியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பாத்திரத்திலும் சொட்டு விட்டுக் காட்டினேன். முன்னால் போட்ட வீடியோவில் நான் சொன்னது தவறு, அந்தக் கடைக்காரர் நேர்மையானவர் என்று சொல்லி, அதே குரூப்புகளில் போட்டேன். சித்தப்பா மகன் மட்டும் ஒரு கும்பிடு பொம்மை போட்டான். யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. பழைய வீடியோ இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் அதை எனக்கே அனுப்பி, பயனுள்ள தகவல் என்று எழுதியிருந்தார்.

தை பிறந்து முகூர்த்தம் ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பஜார் நெரிசலாக இருக்கும் நேரத்தில், மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஓரமாக நின்றேன். சற்று நேரத்தில் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அண்ணனாக இருக்கவேண்டும், என் வயதுதான். ஒரு குடத்தைக் கையில் எடுத்தவன் பையிலிருந்து காந்தத்தை எடுத்தான். கழுத்தில் வைத்தான். ஒட்டியதும் தன் அப்பாவைப் பார்த்தான். போனில் ஒரு வாத்தியார் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார், இது மட்டம் என்றான்.

“அந்த வாத்தியாரு நான்தான்” என்றேன். “நான் சொன்னது தப்பு. இவங்க சரக்கு நல்லது. இவங்கள நான் அநியாயமா பேசிட்டேன்.”

எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். எதனால் ஒட்டுகிறது என்பதையும் விளக்கப் பார்த்தேன். வகுப்பில் சரளமாக வரும் வார்த்தைகள் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு வந்தன. அந்த இளைஞன் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்போது ஒன்று சொன்னார், இப்போது ஒன்று சொல்கிறார், இதற்கு எவ்வளவு வாங்கினாரோ என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அது எனக்குக் கேட்டது. கடைக்கார அம்மாவுக்கும் கேட்டது. அவர்கள் இரண்டு டம்ளர் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மா கீழே இறக்கிய குடங்களை மறுபடி மேலே ஏற்ற ஆரம்பித்தார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“வந்து சொன்ன. அவுங்க நம்பல. நீயும் இன்னா பண்ணுவ” என்றார். “போ சார். வேல இருக்குது.”

அன்றைக்குப் பிறகு நான் அங்கே போய் நிற்கவில்லை. மறுநாள் வகுப்பில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மாணவியிடம், நீ கேட்டது சரியான கேள்வி, நான்தான் உன்னை உட்கார வைத்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவளுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தோடு இந்தக் கதையையும் சொல்கிறேன். மாணவர்கள் சிலர் வீட்டில் சொல்லி அந்தக் கடையில் வாங்குவதாகக் கேள்வி. எத்தனை பேர் என்று நான் விசாரிப்பதில்லை.

தங்கைக்கு வேறு பாத்திரங்கள் வாங்கித் தருகிறேன் என்றேன். பெயர் வெட்டிய பாத்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு எடுத்து வந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டாள். அண்டாவில் மல்லாட்டை கொட்டி வைத்திருக்கிறாள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்கிறாள்.

அம்மா இன்னமும் அந்தக் கடைக்குப் போகிறாள். அவர்கள் இருவரும் முன்போலவே உட்கார்ந்து பேசுகிறார்கள். தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் பால் புட்டிக்குப் பதிலாக ஒரு சின்னப் பாலாடையை அந்த அம்மா கொடுத்தனுப்பினார். என்னைப் பற்றி அவர் கேட்பதில்லையாம். பஜாரில் எதிரே வந்தால் நான் நின்று வணக்கம் சொல்கிறேன். சில நாள் தலையை அசைக்கிறார். சில நாள் அசைப்பதில்லை.